ஆறாவது மாடியில் முப்பத்தொரு பெட்டிகள்

கிளைபேடா துறைமுகத்தில் காற்று முற்றி
அக்கரைப் படகு நின்று மூன்று நாள்.
சரக்குக் கணக்கர்கள் எல்லோரும் வீட்டில்.
ஆறாவது மாடியில் நான் மட்டும்,
கோட்டைக் கழற்றாமல்.
ஆளில்லாத மாடிக்கு எதற்கு வெந்நீர்க் குழாய் என்று
பாதிக்குக் குறைத்திருக்கிறார் இயக்குநர்.

வெள்ளிக்குள் அவருக்கு அறிக்கை வேண்டும்.
இடப்பக்கம் மெய்நிகர் மேசை,
வலப்பக்கம் தொலை அணுகல்.
விலை, வேகம், பாதுகாப்பு,
கீழே ஒரு வரியில் முடிவு.
"நீளமாக எழுதாதே, ஔத்ரோனே" என்றார்,
போன முறை நான் கொடுத்த பதினேழு பக்கத்தை
இன்னும் மன்னிக்காதவர்.

இடப்பக்கம் எளிது.
உன் கணினி என்று ஒன்று கிடையாது.
கௌனாஸில் குளிர்காற்று ஊதும் ஓர் அறையில்
காலையில் பெயரைச் சொன்னதும் உனக்கொரு மேசை உண்டாகும்,
மாலையில் இல்லாமல் போகும்.
வைரஸ் வந்தாலும் ஒருநாள் விருந்தாளிதான்.
மின்சாரம் போனால் டார்ச்சோடு ஓடுவது
நான் பார்த்தேயிராத யாரோ.
லைசென்ஸ் விலையை மட்டும் சொன்னால்
இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்.

வலப்பக்கம் இதோ, என்னைச் சுற்றி.
முப்பத்தொரு மேசை, முப்பத்தொரு பெட்டி,
தூங்கக் கூடாதென்று நானே அமைத்தவை.
வீட்டிலிருந்து கை நீட்டுகிறார்கள்,
இங்கே அம்புக்குறி நகர்கிறது.
நாற்காலியில் யாரும் இல்லை.
விலைப்பட்டியல் தானே திறக்கிறது,
தானே மூடுகிறது.
ரிம்வீதஸின் பெட்டி உறைந்தால்
நான்தான் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும்.
இன்று இரண்டு முறை அழுத்தினேன்.
மூன்றாம் முறை போனில்
"முதுகில் தட்டிப் பார், சொன்னபடி கேட்கும்" என்றார்,
ஏதோ மாட்டைச் சொல்வதுபோல.
தட்டினேன். கேட்டது.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

திரும்பும்போதுதான் பார்த்தேன்.
ஜன்னலோர மேசை, ஸ்கைஸ்தேயுடையது.
மானிட்டரை அணைக்க அவள் மறந்திருக்கிறாள்.
அணைக்கச் சொல்ல நான் மறந்திருக்கிறேன்.

ஒரு கடிதம்.
"பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு" என்று வந்தது.
நின்றது.
பதினொரு அழிந்து பன்னிரண்டு ஆனது.
சரிதான், பன்னிரண்டு.
நான் சேர்ந்த அன்று பிரிண்டரில் சிக்கிய தாளை
எனக்கு முன்பே எடுத்துவிட்டவள் அவள்.
பிறகு முழு வரியையும்
வலமிருந்து இடமாக ஏதோ மேய்ந்துவிட்டுப் போனது.
வெள்ளைத் தாள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையில் சொன்னாள்.
அக்கரையில், சமையலறையில்,
கஞ்சி பொங்கிவிட்டதோ என்னவோ.
இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்து யோசிக்கிறாள்;
அவள் தயங்குவது இங்கே
என் முகத்தில் வெளிச்சமாக விழுகிறது.

"விடை" என்று வந்தது.
அடுத்த எழுத்துக்கு முன் கையை நீட்டி
மானிட்டரை அணைத்தேன்.
பெட்டி மட்டும் கீழே உறுமிக்கொண்டிருந்தது.
தொட்டேன். சூடு.
குளிருக்கு இதமாக இருந்ததால்
கையைச் சற்றுநேரம் எடுக்கவில்லை.

என் மேசைக்கு வந்து
பாதுகாப்பு என்ற வரிசையில்
விற்பனைக்காரர்கள் அனுப்பியதிலிருந்து எடுத்து ஒட்டியிருந்த
அத்தனையையும் அழித்தேன்.
வலப்பக்கம் எழுதினேன்:
அலுவலகத்தில் இருப்பவர் பார்க்கக்கூடும்.
இடப்பக்கம்:
பார்ப்பதற்கு அலுவலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்.
இரண்டில் எது நிறை, எது குறை என்று
இயக்குநர் கேட்பார்.
கேட்கட்டும்.

ஐந்து மணிக்கே இருட்டு.
மீதி முப்பது திரைகளையும் அணைத்துக்கொண்டே வந்தேன்.
வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது,
அவர்கள் பார்ப்பது அவர்கள் திரையை.
எட்டாவது மேசையில் யாரோ
வேலை நேரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.
கறுப்புப் பத்தின்மேல் சிவப்பு ஒன்பதை வைக்கலாம்,
கவனிக்கவில்லை மனிதர்.
அதை அணைக்க மட்டும்
கொஞ்சம் தாமதித்தேன்.